இஞ்ச் டேப்பின் பின்பக்கம்

என் கடையில் 1998-லிருந்து அளவு நோட்டுகள் இருக்கின்றன. மொத்தம் பதினேழு. இரண்டைக் கரையான் தின்றுவிட்டது, மற்றவை பத்திரம். ஒரு பக்கத்துக்கு நாலு பேர். பேர், ஊர், அதன் கீழே உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று. அடுத்த முறை வரும்போது அளவு மாறியிருந்தால் பழைய எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுவேன். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் செய்வார், நானும் அப்படியே பழகிவிட்டேன். அதனால் அடித்த எண் எல்லாமே இன்றைக்கும் படிக்க முடிகிறது.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் முகப்பை ஒட்டிய அறையில்தான் கடை. கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். கல்யாண மாதங்களில் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆச்சிமார் வந்து இறங்கினால் எனக்கு ராத்திரி பதினொன்று வரை மிஷின் ஓடும். மற்ற நாளில் கண்டாங்கிச் சேலைக்கு ஜாக்கெட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம், நைட்டி. நைட்டியைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

போன மாதம் மழைக்கு அறை ஒழுகியதால் நோட்டுகளை எடுத்து வெயிலில் பரப்பினேன். பரப்பினவள் சும்மா இருக்காமல் புரட்ட ஆரம்பித்தேன். ஒரு ஆச்சிக்கு 1999-ல் இடுப்பு 29. அடித்து 31. அடித்து 34. 2016-ல் 38. இன்னொரு டீச்சருக்கு 28, 30, 33, 36. அநேகமாக எல்லாப் பக்கமும் இதே மாதிரிதான். மேலே ஏறும் எண்கள், அவற்றின் மேல் என் கோடுகள். அப்போதெல்லாம் ஜாக்கெட்டுக்கு 80 சென்டி பிட் தாராளமாகப் போதும். இப்போது பாதிப் பேருக்கு ஒரு மீட்டர் வாங்கிவரச் சொல்கிறேன். அரசாங்கக் கணக்கும் இதையேதான் சொல்கிறது என்று மகள் காட்டினாள். தமிழ்நாட்டுப் பெண்களில் எடை அதிகமானவர்கள் 2015–16-ல் நூற்றுக்கு 31 பேர், 2019–21-ல் 40 பேர். இதைக் கேட்க டெல்லிவரை போக வேண்டியதில்லை, என் நோட்டைப் பார்த்திருக்கலாம்.

அந்தப் பக்கங்களில் ஒன்று என் அக்காவுடையது. 27-ல் ஆரம்பித்து 39-ல் நிற்கிறது.

அக்கா கோட்டையூரில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்தடிதான் உயரம். சின்ன வயசில் சுள்ளி மாதிரி இருப்பாள். இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் உடம்பு போட ஆரம்பித்தது. எங்கள் ஊரில் அதற்கு நல்ல வார்த்தைகள்தான் உண்டு. பூசினாற்போல் இருக்கிறாள் என்பார்கள். தேறிவிட்டாள் என்பார்கள். இன்னும் கூடினால், “அவளுக்கு வஞ்சகமில்லாத உடம்பு, பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஒட்டிக்கிடும்.” பஞ்சம் பார்த்த ஊரில் சதை என்பது செழிப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. மெலிந்து போனவளைத்தான் என்னத்தா ஆச்சு என்று கேட்பார்கள், கூடினவளை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. “உள்ளே துணி விட்டுத் தை” என்பாள், ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் விட்டுத் தைப்பேன். வருஷம் ஒன்று போனால் கொண்டுவருவாள், தையலைப் பிரித்து விட்டுக்கொடுப்பேன்.

அவளுக்கு 51 வயதில் தீட்டு நின்றது. 58-ல், ஒரு பங்குனி மாதம், உள்பாவாடையில் லேசாகக் கறை. என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எனக்குத் திரும்பவும் வயசு வந்துருச்சுடி.” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எங்கள் பெரியம்மா சூடு என்றார், வெந்தயமும் இளநீரும் ஆயிற்று. பக்கத்தில் ஒரு டாக்டர் உள்ளே பரிசோதிக்காமலே ரத்தம் நிற்க மாத்திரை எழுதினார். நின்றது. இருபது நாள் கழித்து மறுபடி. ஆவணியில் என் மகள் ஊருக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மகள் மதுரையில் நர்ஸ். பெரியம்மா என்று உருகுபவள், அன்றைக்குக் கத்தினாள். தீட்டு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பார்த்துவிட வேண்டும், சொட்டா கொட்டா என்பது கணக்கே இல்லை என்றாள்.

அக்காவுக்கு ஒரு தைரியம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய்ச் சோதனை செய்து, ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அங்கே மருந்து தடவிப் பார்ப்பது கர்ப்பப்பையின் வாயை. அந்த இடத்தில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். நம் நாட்டில் அதுதான் அதிகம், அந்தச் சோதனையை எல்லோரும் செய்துகொள்ளத்தான் வேண்டும். அக்காவுக்கு வந்தது வேறு, பையின் உள்சவ்வில் வருவது. வாசலைப் பார்த்துவிட்டு உள்வீட்டில் கள்ளன் இல்லை என்று சொல்ல முடியாது இல்லையா? இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது அதுவரை எனக்கும் தெரியாது.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். தீட்டு நின்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு வந்தால் அந்தச் சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். அக்காவுக்கு 14. துளி சதை எடுத்து அனுப்பினார்கள், எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அடையாறுக்குக் கொண்டுபோகலாமா என்று அத்தான் கேட்டார். அடையாறு என்றாலே எங்கள் பக்கம் அந்த நோய்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. அவர் எங்களுக்கு அடுத்த ஊரான புதுக்கோட்டையில் பிறந்தவர், அதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் மதுரையிலேயே செய்யலாம் என்றார்கள். கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பைக்குள்ளேயே அடங்கியிருந்தது, முதல் கட்டம். கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கவும் தேவைப்படவில்லை. இந்த வகை புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி ரத்தம் வந்துதான் தெரிகிறதாம். அதனால்தான் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பிடிக்க முடிகிறது. அதே சமயம், இப்படி ரத்தம் வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய், மற்றவர்களுக்கு வேறு சின்னக் காரணங்கள். பயந்து ஒளிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை, ஐந்து மாதம் தள்ளிப்போடவும் ஒன்றுமில்லை.

ஆப்பரேஷனுக்கு முன்னால் எடை பார்த்தார்கள். 84 கிலோ. அங்கே ஒருவர், நாலு பேர் நிற்கும்போதே, “இவ்வளவு கனத்தை வளர்த்து வைத்தால் வராமல் என்ன செய்யும்?” என்றார். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், சும்மா ஏசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளிடம் கேட்டேன். பேசின விதம்தான் தப்பும்மா, சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது என்றாள்.

அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். கொழுப்பு என்றால் மூட்டையில் கட்டிவைத்த நெல் மாதிரி சும்மா கிடப்பது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அதுவும் ஒரு சுரப்பி மாதிரி ராப்பகலாக வேலை செய்கிறது. தீட்டு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் செய்வதை நிறுத்திவிடும். ஆனால் கொழுப்புச் செல்லில் ஒரு நொதி இருக்கிறது. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வரும் இன்னொரு ஹார்மோனை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு கூடக் கூட அந்த உற்பத்தியும் கூடும். ஈஸ்ட்ரோஜன் உள்சவ்வைப் பார்த்து வளர் வளர் என்கும். தீட்டு வரும் வயசில் புரோஜெஸ்டிரோன் என்று இன்னொன்று வந்து போதும் நிறுத்து என்று சொல்லி, மாதாமாதம் எல்லாம் கழுவிப் போய்விடும். இப்போது அது இல்லை. மிஷினில் கால் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தக் கை இல்லை. ஓடிக்கொண்டே இருக்கும் தையலில் எங்காவது கண்ணி விட்டுப்போகும். செல் பிரியும்போது அப்படி விட்டுப்போகிற கண்ணிதான் பல வருஷம் கழித்துப் புற்றாக நிற்கிறது.

வயிற்றுக் கொழுப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகிறது, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது. இன்சுலின் சர்க்கரைக்கு மட்டும் இல்லை, செல்களை வளரச் சொல்லும் வேலையும் அதற்கு உண்டு. போதாக்குறைக்கு, அதிகக் கொழுப்பு உள்ள இடத்தில் உமிக்குள் கிடக்கும் நெருப்பு மாதிரி ஒரு அழற்சி அணையாமல் இருக்கும்.

சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லிக்கொண்டு வரும் இளம்பெண்கள் என் கடையிலேயே எத்தனை பேர். தீட்டு நாலு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, நல்லதுதான், தொல்லை இல்லை என்பார்கள். அங்கேயும் இதே கதைதான், நிறுத்தச் சொல்லும் ஹார்மோன் வராமல் சவ்வு வளர்ந்துகொண்டே இருக்கும். டாக்டரைப் பாருங்கள் என்று இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன்.

சரி, கர்ப்பப்பையோடு போகிறதா என்றால் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறது. அவர்கள் 2002-ல் ஐந்து புற்றுநோய்களை உடல் பருமனோடு சேர்த்துச் சொன்னார்கள். 2016-ல் அதைப் பதின்மூன்று ஆக்கினார்கள். மகள் போனில் வாசிக்க வாசிக்க நான் பட்டன் டப்பாவிலிருந்து ஒவ்வொரு பட்டனாக எடுத்து வைத்தேன். கர்ப்பப்பை உள்சவ்வு, தீட்டு நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று, சினைப்பை, பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், தைராய்டு, உணவுக்குழாயில் ஒரு வகை, இரைப்பையின் மேல்வாய், மூளையைச் சுற்றிய உறையில் வருவது, எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா. ஆண்களும் தப்பவில்லை என்று அத்தானைப் பார்த்துச் சொன்னேன், அவர் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. கர்ப்பப்பை உள்சவ்வில்தான் சம்பந்தம் கெட்டியாக இருக்கிறது. பருமனானவர்களுக்கு இரண்டு முதல் நாலு மடங்கு, பி.எம்.ஐ. என்னும் எடை-உயரக் கணக்கு 40-ஐத் தாண்டியவர்களுக்கு ஏழு மடங்கு வரை. தீட்டு நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றில் இருபது முதல் நாற்பது சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். மடங்கு என்றதும் பயந்துவிடக் கூடாது. குண்டாக இருக்கிற பெரும்பாலான பேருக்கு இது வராமலே போகும். நூல் மாதிரி இருந்த எங்கள் சின்னம்மாவுக்கு மார்பில் வந்தது. அக்காவுக்கு எடையால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் அக்காக்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த ஒருத்தியிடம் அந்தக் கணக்கைச் சொல்லித் திட்டுவது என்ன வைத்தியமோ.

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அக்காவுக்கு 36 வந்தது. வெளிநாட்டுக் கணக்கில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். நமக்கு அது செல்லாது. நம் ஆட்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் சேரும். அதனால் இந்தியர்களுக்கு 23-லேயே கவனம், 25-லேயே பருமன் என்று வைத்திருக்கிறார்கள். அதைவிட எளிது இடுப்பை அளப்பது என்று சொல்லி மகள் என் டேப்பை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் சென்டிமீட்டர். இருபத்தைந்து வருஷம் கையிலேயே தொங்கும் டேப், அந்தப் பக்கத்தை நான் பிட் துணி அளக்கத்தவிரத் திருப்பியதே இல்லை. பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90, அதற்குமேல் போகக் கூடாது என்றாள். ஜாக்கெட் பிட்டும் 80, இடுப்பும் 80. இஞ்சில் முப்பத்தொன்றரை.

என் நோட்டில் இருக்கும் இடுப்பு அந்த இடுப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாக்கெட்டுக்கு நாங்கள் இடுப்பு என்று எடுப்பது மார்புக்குக் கீழே, ஜாக்கெட் முடியும் இடம். டாக்டர் இடுப்பு என்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில். நிமிர்ந்து நின்று, மூச்சை வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். வயிற்றை எக்கி ஏமாற்றினால் ஏமாறுவது நாம்தான். அந்த இடத்தில் அளந்தபோது எனக்கே 91 வந்தது. நான் பேசாமல் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

இப்போது நைட்டிக் கோபம். சேலை கட்டின காலத்தில் ஜாக்கெட் கை பிடித்தால் பெண்ணுக்குத் தெரிந்துவிடும், உடம்பு போடுகிறது என்று. நைட்டிக்கு அளவே கிடையாது. பத்து கிலோ கூடினாலும் அது ஒன்றும் சொல்லாது. வருஷக்கணக்காக என்னிடம் அளவு கொடுக்காத பெண்கள் ஒரு கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வரும்போதுதான் நானும் அவர்களும் ஒரே நேரத்தில் திடுக்கிடுகிறோம்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், சீயம் எல்லாவற்றையும் பழைய ஆச்சிமாரும் தின்றார்கள். நோன்புக்கும் விசேஷத்துக்கும் தின்றார்கள். முகப்பிலிருந்து அடுப்படிக்கு ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று தெருநீளத்துக்கு இருக்கும் வீட்டில் நாளைக்கு நூறு நடை நடந்தார்கள், ஆட்டுக்கல்லைச் சுற்றினார்கள். இப்போது வீட்டில் இரண்டு அறையைத் தவிர எல்லாம் பூட்டு. தேன்குழலும் மணகோலமும் பாக்கெட்டில் தினமும் கிடைக்கிறது. என் கடைக்கே வாரத்தில் நாலு நாள் யாராவது ஒரு டப்பா கொடுத்துவிடுகிறார்கள், மிஷினில் உட்கார்ந்தபடியே காலியாகிவிடும். 91 வந்த கதை அதுதான்.

குறைத்தால் பலன் உண்டா என்று அக்கா கேட்டாள். உண்டு. அமெரிக்காவில் தீட்டு நின்ற 36,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். உடல் எடையில் 5 சதவீதமாவது குறைந்தவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் சுமார் 29 சதவீதம் குறைவு, பருமனாக இருந்து வேண்டுமென்றே குறைத்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். 84 கிலோவுக்கு 5 சதவீதம் என்றால் நாலு கிலோ சொச்சம். அக்காவுக்கு இனி அந்தப் பையும் இல்லை, சினைப்பையும் இல்லை, ஆனால் எடுத்து வைத்த பட்டன்களில் மிச்சம் பதினொன்று இருக்கிறதே. முழங்கால் வலியால் அவளால் ஊரைச் சுற்ற முடியாது. வீட்டு வளவுக்குள்ளேயே காலையும் மாலையும் நடக்கிறாள். ராத்திரி சோற்றைப் பாதியாக்கிவிட்டாள். ஆறு கிலோ குறைத்தாள், தீபாவளிக்கு இரண்டு ஏறிவிட்டது.

வேண்டுமென்றே என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரு ஆச்சி தை மாதம் வந்தபோது ஜாக்கெட் லூசாக இருந்தது. “இளைச்சு அழகாயிட்டீங்க ஆச்சி, என்ன ரகசியம்?” என்று கேட்டேன். “ஒண்ணும் செய்யலைத்தா, தானாத்தான்” என்றார். சித்திரையில் இன்னும் இரண்டு இஞ்ச் பிடிக்கச் சொன்னார். நான் மறுபடியும் புகழ்ந்தேன். கணையத்தில் இருந்தது, பிந்திவிட்டது. நோட்டில் அவருடைய பக்கத்தில் கடைசி எண்ணை நான் இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை. இப்போது யாராவது முயற்சி இல்லாமல் இளைத்திருந்தால் புகழ்வதில்லை, சாப்பாடு இறங்குகிறதா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். தையல்காரிக்கு இது என்ன கேள்வி என்று ஒருத்தர் முறைத்தார். முறைக்கட்டும்.

இன்னொன்றையும் மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் நான் அளந்து சத்தமாகச் சொல்வேன், உதவிக்கு இருக்கும் பெண் எழுதுவாள். “இடுப்பு நாற்பத்திரண்டு” என்று வாசல்வரை கேட்கும். இப்போது அளப்பதும் நான்தான், எழுதுவதும் நான்தான். கேட்கிறவர்களுக்கு மட்டும் டேப்பைத் திருப்பிக் காட்டுகிறேன்.

போன வாரம் அக்கா வந்தாள். பேரனுக்குக் காது குத்து, புதுக் கண்டாங்கி, அரக்கில் மஞ்சள் கரை. அளந்தேன். 39-ஐ அடித்து 37½ என்று எழுதினேன். குனிந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வழக்கம்போல, “உள்ளே துணி விட்டுத் தை” என்றாள். ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் விட்டுத்தான் வெட்டினேன்.